பெரிய மாதிரி விமானமும் அதன் முதற் பெற்றோல் இயந்திரமும்

மாதிரி விமானம் என்ற சொல்லைக் கேட்டதும் பலருடைய மனக்கண்முன் தோன்றுவது, சிறுவனொருவன் றப்பர் நாடாவை முறுக்கிப் புல்வெளியிலே பறக்கவிடும் பொம்மையே. அரை நிமிடம் பறந்து விழும் அப்பொம்மையும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆயினும் அதே குடும்பத்தில் மூத்த பிள்ளைகளும் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே பெரிய மாதிரி விமானங்களைப் பறக்கவிடுவோரின் சங்கம் அதற்கோர் அளவு வகுத்திருக்கிறது. ஒற்றை இறக்கை விமானமாயின் நுனியிலிருந்து நுனிவரை 80 அங்குலமும், ஈரடுக்கு இறக்கை விமானமாயின் 60 அங்குலமும் குறையாதிருத்தல் வேண்டும். இத்தகைய விமானத்தைத் தரையில் நிற்கும் ஒருவர் வானொலி அலைகளால் இயக்குகிறார். அந்நாட்டு மாதிரி விமானக் கழகத்தின் விதிப்படி இவற்றின் எடை பொதுவாக 55 இறாத்தலுக்கு உட்பட்டிருக்க வேண்டும். ஐம்பத்தைந்து இறாத்தல் எடையுள்ள பொருளொன்று மணிக்கு நூறு கிலோமீற்றர் வேகத்தில் பறக்குமாயின் அதனை விளையாட்டுப் பொருள் என்று எவரும் சொல்லத் துணியார்.

சிறிய விமானங்களிலே சில ஆண்டுகள் கைபழகிய ஒருவர், பல மாத மாலை வேளைகளை மேசையருகே செலவிட்டு, பல்சாக் கட்டையையும் ஒட்டுப்பலகையையும் இழைத்து, ஒன்பதடி இறக்கை கொண்ட விமானமொன்றைக் கட்டி முடிக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். துணி போர்த்தியாயிற்று, வர்ணமும் பூசியாயிற்று. மூக்கு மட்டும் வெறுமையாக இருக்கிறது. அங்கே எந்த இயந்திரத்தைப் பூட்டுவது என்ற கேள்வி அப்பொழுதுதான் எழுகிறது. உண்மையில் விமானத்தின் வரைபடத்தை விரிப்பதற்கு முன்னரே கேட்கப்பட வேண்டிய கேள்வி அது. விற்பனைப் பட்டியலைப் புரட்டினால் இருபது கன சென்ரிமீற்றர் முதல் இருநூறுவரை வரிசையாக நிற்கின்றன. பெரும்பாலோரின் கண் முதலிற் செல்வது குதிரைவலுவைக் குறிக்கும் எண்ணின்மீதே. முதன்முறையாகப் பெற்றோல் இயந்திரம் வாங்குவோரைத் தவறான வழியிற் செலுத்துவது பெரும்பாலும் அந்த எண்ணே.

பெற்றோலில் இயங்கும் மாதிரி விமானம் புதுமையன்று. 1930ஆம் ஆண்டுகளிலே, பிலடெல்பியா நகரத்து இளைஞரான வில்லியம் பிரவுண் என்பார் அமைத்த சிறு இயந்திரம் அமெரிக்கப் போட்டிகளிலே றப்பர் நாடாக்களையெல்லாம் தோற்கடித்தது. 1937ஆம் ஆண்டிலே மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த வோல்ற்றர் குட், வில்லியம் குட் என்னும் இரட்டைச் சகோதரர்கள் வானொலியால் இயக்கிய "கஃப்" என்ற விமானமும் தீப்பொறி கொண்டு பெற்றோல் எரிக்கும் இயந்திரத்தால் பறந்ததே. ஆயின் 1947இல் றே ஆர்டன் என்பவர் ஒளிர்செருகியைச் சந்தைக்குக் கொணர்ந்தார். பிளாற்றினக் கம்பிச் சுருளொன்று மெதனோல் ஆவி பட்டுத் தானே கனன்றுகொண்டிருக்கும்; தீப்பொறிக்கென்று பற்றரியோ மின்சுருளோ சுமக்க வேண்டியதில்லை. எடை குறைந்தது, பெற்றோல் மூலையில் ஒதுங்கிற்று. விமானங்கள் பெருக்கத் தொடங்கிய 1970ஆம் ஆண்டுகளிலேதான் அது திரும்பி வந்தது. இம்முறை அது வந்தது மரமரியும் வாளினதும் புல்வெட்டும் பொறியினதும் இயந்திரமாக. யப்பானிலும் கனடாவிலும் தோட்ட வேலைக்கென்று வார்க்கப்பட்ட இயந்திரங்களை எடுத்து, முன்புறத்தே விசிறி பூட்டி, ஆர்வலர்கள் வானில் ஏற்றினார்கள்.

திரும்பி வந்ததற்குக் காரணம் செலவு. மெதனோல் தன் எடைக்கு ஆறரை மடங்கு காற்றோடு எரிவது; பெற்றோலுக்குப் பதினாலரை மடங்குக்கு மேல் வேண்டும். ஆகவே உருளைக்குள் அதே அளவு காற்று புகும்போது மெதனோல் இயந்திரம் இரு மடங்குக்கும் மேலான எரிபொருளை விழுங்குகிறது. சிறு விமானத்தில் இது பெரிதாகத் தெரியாது. முப்பது கன சென்ரிமீற்றர் இயந்திரத்திலோ வார இறுதி ஒவ்வொன்றிலும் பணப்பை மெலிந்துபோகும். பெற்றோலாயின் 350 மில்லிலீற்றர் கொள்ளும் தொட்டி ஏறத்தாழக் கால்மணி நேரப் பறப்புக்குப் போதும்.

இனி, எத்துணைப் பெரிய இயந்திரம் வேண்டும் என்ற கேள்விக்கு வரலாம். பொதுவாகப் பேசுவதிலும் ஒரு விமானத்தை எடுத்துக் கணக்கிடுவது நன்று. முதற் பெரிய விமானமாகப் பலரும் தெரிவது பைப்பர் கப் என்னும் மஞ்சள் விமானத்தின் காற்பங்கு மாதிரியே. பென்சில்வேனியா மாநிலத்து லொக் ஹேவன் நகரிலே ஆயிரக்கணக்கிற் கட்டப்பட்ட அவ்விமானத்தின் இறக்கை நீளம் 35 அடி 3 அங்குலம். முழுச் சுமையோடு அதன் எடை 1,220 இறாத்தல். இயந்திரம் 65 குதிரைவலு. சாதாரணப் பறப்பு வேகம் மணிக்கு 75 மைல்.

நீளத்தை நாலிலொன்றாக்கினால் இறக்கை 106 அங்குலமாகிறது. பரப்பு பதினாறிலொன்றாகும், எடை அறுபத்து நாலிலொன்றாகி 19 இறாத்தலளவில் நிற்கும். வேகமோ நாலிலொன்றாகாது, பாதியாகவே குறையும். ஏனெனில் அவ்வெடையை அவ்விறக்கை தாங்குவதற்கு மணிக்கு 37 மைல் வேகம் போதும். வலு என்பது எடையையும் வேகத்தையும் பெருக்கிய அளவைப் பின்பற்றுவது. ஆதலின் 65 குதிரைவலுவை 128ஆல் வகுத்தல் வேண்டும். விடை அரைக் குதிரைவலு! சிறிய இறக்கையும் சிறிய விசிறியும் பெரியவற்றைப்போல் திறமையாகக் காற்றை வெட்டுவதில்லை என்பதற்காக அதனை இரட்டித்தாலும் ஒரு குதிரைவலுவே வருகிறது. இருபத்தைந்து கன சென்ரிமீற்றர் இயந்திரம் ஒன்று ஏறக்குறைய இரண்டு குதிரைவலு தரவல்லது. ஏறுவதற்கும், எதிர்க்காற்றுக்கும், நீண்ட புல்லிலிருந்து கிளம்புவதற்கும் வேண்டிய மிகுதி அதற்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது.

இக்கணக்கை அறியாதவர் ஐம்பது கன சென்ரிமீற்றர் இயந்திரத்தை வாங்கி அதே மூக்கிற் பூட்டுகிறார். தேவைப்படாவிட்டால் குறைத்து வைத்துக்கொள்ளலாமே என்பது அவர் வாதம். வாதம் நன்றாகத்தான் இருக்கிறது. விமானம் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. பெரிய விசிறி மெல்லச் சுழலும்போதும் இழுத்துக்கொண்டேயிருக்கும். இறங்க வேண்டிய விமானம் ஓடுபாதை முடியும்வரை மிதந்து சென்று வேலியிலே முட்டும். உயர்ந்த இறக்கையுடைய கப், வலு கூடும்போதெல்லாம் மூக்கை நிமிர்த்தும். முழு வலுவோடு கீழ்நோக்கிப் பாய்ந்தால், மென்மையாகக் கட்டப்பட்ட வாற்பகுதி படபடவென்று அதிரத் தொடங்கி, சில நொடிகளிலே பிய்ந்து போவதும் உண்டு. அதிர்வோ சுக்கானை அசைக்கும் சிறு மோட்டார்களையும் பற்றரி இணைப்புகளையும் இடைவிடாது அரித்துக்கொண்டிருக்கும். பெரிய இயந்திரத்தைத் தாங்குவதற்கென்று மூக்கை வலுப்படுத்தினால் எடை கூடும். எடை கூடினால் மேலும் வலு வேண்டும் என்று தோன்றும். இச்சுற்றிலே அகப்பட்ட கப் மாதிரி, கப்பைப் போலப் பறப்பதில்லை.

மறுபுறத்தே, பதினைந்து கன சென்ரிமீற்றரோடு சமாளிக்க முயல்வதும் தகாது. அத்தகைய இயந்திரம் எந்நேரமும் முழு மூச்சோடு உழைத்துச் சூடேறும். காற்றோட்டம் குறைந்த மூடிக்குள்ளே அது நடுவானில் நின்றுவிட்டால், முதன்முறையாகப் பெரிய விமானத்தை இறக்குபவர் இயந்திரமின்றி இறக்க வேண்டிவரும். காற்பங்கு கப்புக்கு இருபதுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட ஒற்றை உருளை இயந்திரமே பொருத்தம். வித்தை காட்டும் வேறு விமானங்களுக்குக் கணக்கு வேறு. அவை செங்குத்தாக ஏற வேண்டியவை. முதல் இயந்திரத்தை வாங்குபவருக்கு அவற்றின் கவலை இப்போது வேண்டியதில்லை.

எடையைப்பற்றி ஒரு சொல். இயந்திரத்தின் எடை என்று அச்சிடப்படுவது பெரும்பாலும் வெறும் இயந்திரத்தின் எடையே. புகைக்குழாய், தீப்பொறிப் பெட்டி, அதற்குரிய பற்றரி, தாங்கிகள், விசிறி, விசிறியின் ஆணிகள் ஆகிய யாவற்றையும் தராசிலே வைத்துப் பார்த்தபின்பே உண்மை தெரியும். ஆயின் கப்பின் மூக்குக் குட்டையானது. இலேசான இயந்திரத்தைத் தேடி வாங்கியவர், ஈற்றில் சமநிலைக்காக மூக்கிலே ஈயத்துண்டுகளைப் பதிக்க நேர்வது சாதாரணம். ஈயத்தைச் சுமப்பதைவிட உருக்கைச் சுமப்பது நல்லதன்றோ! ஆதலாற்றான் சற்றுப் பாரமான பழைய வகை இயந்திரம் கப்புக்குக் குறையாகாது. நீண்ட மூக்குடைய போர் விமான மாதிரிக்கோ அதுவே கேடாகும்.

பழைய வகை, புதிய வகை என்ற வேறுபாடு பெரும்பாலும் தீப்பொறி பிறக்கும் முறையைப் பொறுத்தது. மக்னீற்றோ முறையில், பாரமான சில்லொன்றிலே பதித்த காந்தம் சுருளைக் கடந்து செல்லும்போது மின்சாரம் பிறக்கிறது. பற்றரி வேண்டியதில்லை, மறந்து போவதற்கும் ஒன்றுமில்லை. யப்பானிய செனோவா இயந்திரங்கள் பல ஆண்டுகள் இம்முறையிலேயே புகழ் ஈட்டின. ஆனால் காந்தம் போதிய வேகத்தில் விரைந்தாலன்றிப் பொறி பிறவாது. ஆகவே கையால் விசிறியைத் தட்டிக் கிளப்புவோர் நன்றாக வீசித் தட்ட வேண்டும். தோட்டக் கிணற்றில் நீரிறைக்கும் சிறு இயந்திரத்தைக் கயிறு சுற்றி இழுத்துப் பழகிய நேயர்கள் இதனை எளிதில் உணர்வர். மின்னணு முறையிலோ, விசிறியடியிலே பதித்த கடுகளவு காந்தத்தை உணர்கருவி ஒன்று பார்த்துக்கொண்டிருக்கிறது. பற்றரியின் வலுவால் எவ்வளவு மெல்லத் திருப்பினாலும் பொறி பிறக்கிறது. கிளப்பும் வேளையிலே பொறியைப் பிந்தவிட்டு, வேகம் கூடியதும் முந்தவிடும் ஆற்றலும் அதற்குண்டு. விசிறி பின்னோக்கி உதைத்துக் கையை அடிப்பது இதனாற் குறைகிறது. முதல் இயந்திரத்துக்கு மின்னணு முறையே நன்று. அதன் பற்றரியை ஒவ்வொரு பறப்புக்கு முன்னும் அளந்து பார்ப்பது உரியவரின் கடமை.

தீப்பொறி என்பது ஒரு சிறு வானொலி நிலையம் என்பதையும் மறத்தலாகாது. ஒவ்வொரு பொறியும் நாற்புறமும் இரைச்சலைப் பரப்புகிறது. விமானத்தை இயக்கும் அலையை ஏற்கும் கருவி அவ்விரைச்சலுக்கு அருகில் இருந்தால் கட்டளையைத் தவறவிடக்கூடும். இற்றை நாளில் வழங்கும் உயர் அதிர்வெண் கருவிகள் பழையவற்றைப்போல் எளிதிற் குழம்புவதில்லை எனினும், பொறிப்பெட்டியையும் அதன் பற்றரியையும் மூக்கிலும், ஏற்கும் கருவியை அங்கிருந்து குறைந்தது ஓரடி பின்னும் வைப்பதே முறை. இரண்டுக்கும் ஒரே பற்றரியைக் கொடுத்துச் சிக்கனம் செய்வது புதியவருக்கு உகந்ததன்று.

பெற்றோலுக்கு மாறுபவர் பலர் சறுக்குவது இயந்திரத்திலன்று, குழாயில்தான். மெதனோலுக்குப் பயன்பட்ட சிலிக்கோன் குழாயையும் தொட்டியின் றப்பர் அடைப்பானையும் பெற்றோல் ஊதி இளகச் செய்துவிடும். தரையில் நன்றாக ஓடிய இயந்திரம் வானில் மூச்சுத் திணறி நிற்பதற்கு, தொட்டிக்குள் முறிந்து கிடக்கும் இரண்டங்குலக் குழாய் காரணமாக இருப்பது அரிதன்று. பெற்றோலுக்கென்றே செய்த குழாயும் அடைப்பானும் வாங்குதல் வேண்டும். காபுரேற்றர் மரவாளிலிருந்து வந்த அதே வகைதான். மென்தகடு ஒன்று இயந்திரத்தின் துடிப்பால் அசைந்து எரிபொருளைத் தானே இறைத்துக்கொள்ளும். ஆதலால் விமானம் தலைகீழாகப் புரண்டாலும் ஓட்டம் தடைப்படாது. அதனிலே மெதுவோட்டத்துக்கு ஒன்றும் விரைவோட்டத்துக்கு ஒன்றுமாக இரு ஊசித் திருகுகள் உண்டு. இயந்திரத்தைத் தெரியும்போதே அவ்விரண்டும் தன் விமானத்தின் மூடிக்குள்ளிருந்து எப்பக்கம் பார்த்து நிற்கும், திருகுகோல் விசிறிக்குப் பின்னாலிருந்து அவற்றை எட்டுமா என்று படத்தை வைத்துப் பார்த்துவிடுவது அறிவுடைமை. சுழலும் விசிறிக்கு மேலாகக் கையை நீட்டித் திருகவேண்டிய அமைப்பாயின், எத்துணை மலிவாகக் கிடைத்தாலும் அவ்வியந்திரம் வேண்டாம்.

இங்கேதான் இத்தேர்வின் முழுப் பாரமும் இருக்கிறது. பதினெட்டு அங்குல விசிறி நிமிடத்துக்கு 7,000 முறை சுழலும்போது அதன் நுனி மணிக்கு ஏறக்குறைய 600 கிலோமீற்றர் வேகத்திற் செல்கிறது. சிறிய மெதனோல் இயந்திரத்தின் விசிறி விரலை ஆழமாக வெட்டும். பெற்றோல் இயந்திரத்தின் விசிறியோ, பாரமான சுழற்சியின் உந்தலால், விரலோடு நில்லாது. எலும்பை முறித்த நிகழ்ச்சிகளும் கையைச் சிதைத்த நிகழ்ச்சிகளும் எந்நாட்டு விமானத் திடலிலும் பேசப்படுபவை. அவற்றுட் பல, அனுபவமற்றவர்க்கு நேர்ந்தவையல்ல. ஆயிரம் முறை கிளப்பியவர் ஆயிரத்தோராவது முறை அசட்டையாக இருந்தபோது நேர்ந்தவை. ஆளி போடப்பட்டிருந்தால் விசிறியைச் சும்மா திருப்பினாற்கூடப் பொறி பிறந்து இயந்திரம் கிளம்பக்கூடும். ஆதலால் நிற்கும் விசிறியையும் சுழலும் விசிறியாகவே கருதிப் பழகுதல் வேண்டும். வாலைப் பிடிப்பதற்கு ஒருவர், அல்லது மண்ணிலே அறைந்த முளையும் கயிறும். கையிலே தடித்த தோலுறை. விசிறி சுழலும் தளத்துக்கு நேரே எவரும் நில்லாமை. இவை பேரம் பேசத்தக்கவையல்ல.

தீப்பொறியை அறுக்கும் ஆளிகள் இரண்டு இருத்தல் நலம். ஒன்று விமானத்தின் பக்கத்திலே, விசிறிக்குப் பின்னே, கைக்கு எட்டும் இடத்தில். மற்றையது, பறக்கவிடுபவர் தம் கையிலுள்ள பெட்டியிலிருந்தே இயக்கக்கூடியது. வானொலித் தொடர்பு அறுந்தால் இரண்டாவது ஆளி தானே இயந்திரத்தை நிறுத்தும்படி அமைத்துவைக்கலாம். கட்டளைக்கு அடங்காத விமானமொன்று மக்கள் நிற்கும் பக்கம் திரும்பும்போது, இயந்திரம் நின்றிருப்பதற்கும் முழங்கிக்கொண்டிருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. இதன் விலை இயந்திரத்தின் விலையிற் சிறு பங்கே.

இயந்திரம் பூட்டப்படும் முகப்புப் பலகை ஆறு மில்லிமீற்றருக்குக் குறையாத நல்ல ஒட்டுப்பலகையாய், மூலைகளிலே கட்டை வைத்து ஒட்டப்பட்டதாய் இருத்தல் வேண்டும். மரவிசிறியின் ஆணிகளை முதல் ஓட்டத்தின் பின்பும், அதன் பின் ஒவ்வொரு பறப்புநாளிலும் இறுக்கிப் பார்க்க வேண்டும். மரம் அமுங்கும், ஆணி தளரும். ஓசையைப்பற்றியும் வாங்கும்போதே நினைத்தல் வேண்டும். அயலவர் முறைப்பாட்டினால் மூடப்பட்ட விமானத் திடல்கள் பல நாடுகளிலே உண்டு. ஓசையிற் பெரும்பகுதி புகைக்குழாயிலிருந்து மட்டுமன்றி விசிறி நுனியிலிருந்தும் வருவது. சற்றுப் பெரிய விசிறியை மெல்லச் சுழலவிடும் இயந்திரம் அயலவரைக் கோபமூட்டாது. கப்புக்கும் அதுவே இயல்பு.

வலுவை நாடாது இயந்திரத்தைத் தெரிந்தவர்களுள் ஒருவரைப்பற்றி இங்கே சொல்லுதல் பொருந்தும். மேரிலாந்து மாநிலத்தைச் சேர்ந்த மேனார்ட் ஹில் என்பவர், மாதிரி விமானமொன்றை அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தாண்டிப் பறக்கவிட முயன்றார். அவருக்கு அப்போது எழுபது வயது கடந்திருந்தது. கண்பார்வையும் செவிப்புலனும் பெரிதும் குன்றியிருந்தன. அனைத்துலக விதிப்படி விமானத்தின் எடை, எரிபொருளும் உட்பட, ஐந்து கிலோகிராமுக்கு மேற்படலாகாது. அவர் தெரிந்தது பத்துக் கன சென்ரிமீற்றர் கொண்ட யப்பானிய நாற்கட்ட இயந்திரம். மெதனோலுக்கென்று செய்யப்பட்ட அதனைத் தீப்பொறி முறைக்கு மாற்றி, விளக்கெரிக்கும் தூய பெற்றோலிய எண்ணெயைத் துளித்துளியாகப் பருகும்படி திருத்தினார். முன்னைய முயற்சிகள் கடலில் முடிந்தன. 2003ஆம் ஆண்டு ஓகஸ்ற் 9ஆம் நாள் நியூபவுண்லாந்திலிருந்து கிளம்பிய விமானம், 38 மணி 52 நிமிடம் பறந்து, ஏறக்குறைய 3,030 கிலோமீற்றர் கடந்து அயர்லாந்தின் மேற்குக் கரையிலே இறங்கிற்று. 1919இல் அல்கொக், பிரவுண் என்னும் இருவர் முதன்முதலாக அச்சமுத்திரத்தை இடையில் நில்லாது தாண்டி இறங்கிய கிளிஃப்டன் நகரம் அங்கிருந்து தொலைவில் இல்லை.

கப்பின் உரிமையாளர் கடல் தாண்டப் போவதில்லை. அவர் தெரிந்த இருபத்தாறு கன சென்ரிமீற்றர் இயந்திரம் பெட்டியிலிருந்து வந்ததும் அதனை விமானத்திலே பூட்டாது, உறுதியான மேசையொன்றிலே பூட்டி ஓடவிடுவது நன்று. முதல் நாலைந்து தொட்டிகளுக்கு உற்பத்தியாளர் சொன்ன எண்ணெயைச் சொன்ன அளவிற் கலக்க வேண்டும். முப்பத்திரண்டுக்கு ஒன்று என்றால் லீற்றர் ஒன்றுக்கு 31 மில்லிலீற்றர். கண்மட்டத்தில் ஊற்றுவது கூடாது. பெற்றோலைக் கொட்டகைக்குள் அல்லாது வெளியிலே ஊற்றி, தீயணைக்கும் கருவியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மெதுவோட்டத்தில் ஐந்து நிமிடம் தடுமாறாது நின்று, வலுவைக் கூட்டியதும் தயங்காது எழும் நிலை வந்த பின்பே விமானத்துக்கு மாற்றலாம். மாற்றிய பின், வாலைக் கட்டிவைத்து, இயந்திரம் முழு வேகத்தில் ஓடும்போது துணைவர் ஒருவர் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு உற்பத்தியாளர் குறித்த தூரம்வரை நடந்து சென்று, சுக்கான்கள் நடுங்காது அசைகின்றனவா என்று பார்க்க வேண்டும். நடுங்கினால் அன்று பறப்பு இல்லை. பொறிப்பெட்டியின் கம்பிகளையும் பிளக்கின் மூடியையும் வீட்டுக்குக் கொண்டுசென்று ஆராய வேண்டியதே. நடுங்காவிட்டால், காற்றுக்கு எதிரே மூக்கைத் திருப்பி, விசிறி ஆணிகளை இன்னொரு முறை இறுக்கிவிட்டு, கயிற்றை அவிழ்க்கலாம்.